அம்மாவின் நாடி

ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துவிட்டு டொக்டர் சிங்களத்தில் வேகமாக ஏதோ சொன்னார். எங்களுக்குப் பிடிபட்டது 'ஹாட்' என்ற ஒரு சொல்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாரடைப்பா தம்பி?" என்றார்.

மாரடைப்பு இல்லை, இதயத்தின் தாளம் தப்புகிற வேறொரு நோய். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு இன்னும் ஒரு கிளினிக் நாள் ஆனது.

முப்பது வருடம் கொழுந்துக் கூடையோடு மலை ஏறியவர், லயத்துப் படியில் நின்று நின்று மூச்சு வாங்கினார். வயதுதான் என்று விட்டுவிட்டோம். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு படபடக்கிற மாதிரி இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் ஹட்டனுக்கு பஸ் ஏறினோம்.

இரண்டாம் முறை போனபோது தமிழ் பேசும் நர்ஸ் மிஸ் ஒருவர் இருந்தார். என் விரல்களை முதலில் என் மணிக்கட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொன்னார். சீராக இருந்தது. அப்புறம் அம்மாவின் கை. இரண்டு அடி அவசரமாக வந்தது, பிறகு ஒன்றுமே இல்லை, திடீரென்று பலமாக ஒன்று, அடுத்தது வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டு அம்மா, தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூப்பிட அடிக்கும் பறையை நினைத்து, "பெரட்டுத் தப்பு அடிக்கிறவன் ராத்திரி குடிச்சிட்டு வந்தா இப்பிடித்தான் அடிப்பான்" என்றார். மிஸ்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவர் விளக்கியது இதுதான். இதயத்தின் மேலறையில் ஓரிடம்தான் தாளம் எடுத்துக் கொடுக்கும். இந்த நோயில் மேலறை முழுக்க ஆளாளுக்குத் தப்படிக்கிறார்கள், நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல். அறை சுருங்காமல் வெறுமனே நடுங்குகிறது. தேங்கிய இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். பயப்பட வேண்டியது அதற்குத்தான். பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். கிளினிக் கொப்பியில் 'ஏ.எஃப்.' என்று இரண்டே எழுத்து.

எக்கோ என்ற இதய ஸ்கேனில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் விட்டுச்சென்ற கோளாறாம். மூட்டு வீங்கிக் கிடந்ததும் கஷாயம் குடித்ததும் அம்மாவுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு மாதம் மாத்திரை போட்ட பிறகும் நாடி தாறுமாறாகவே இருந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று நான் சத்தம் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுத்தது வேகத்தைக் குறைக்கத்தான், தாளத்தைச் சரிசெய்ய அல்ல. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று வார்ஃபரின், இரத்தம் உறையாமலிருக்க. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். சோதனையில் அளவு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கூடினால் இரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. முழங்கால் வலிக்கு டவுன் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையும் இரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதால் அதை அன்றோடு நிறுத்தினோம்.

போன மாதம் 1.5க்கு இறங்கிவிட்டது. டொக்டர் துருவிக் கேட்டதில் உண்மை வெளிவந்தது. இரத்தத்துக்கு நல்லது என்று பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வாரமாகத் தினமும் முருங்கைக் கீரை கொடுத்தனுப்பியிருக்கிறார். கீரை கூடினால் வார்ஃபரினின் வேலை குறையும்; அதற்காகக் கீரையை விட வேண்டாம், எப்போதும் ஒரே அளவில் சாப்பிடுங்கள் என்றார் டொக்டர். கோவாவும் (முட்டைக்கோஸ்) அப்படித்தானாம்.

திரும்பும் வழியில் மரக்கறிக் கடை வாசலில் அம்மா நின்றார். "ஒரு கோவா வாங்கு தம்பி. பாதிய அந்த அக்காவுக்குக் குடுத்திடலாம்."