ஏற்காட்டுக் கிடங்குப் பாசறை

நம் சாரணர் படையில் இருந்தவர்களுக்குக் கிடங்குப் பாசறை என்றாலே சாக்கு வாசனை மூக்கில் ஏறும். கூடாரம் கிடையாது, ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டின் காபிக் கிடங்குக்குள் ராத்தங்கல். அங்கே பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகும். மூட்டைகள் இறங்கிப்போனால் கிடங்கு காலி. மழைக்காலத்தில் சேர்வராயன் சரிவில் கூடாரம் அடித்து நனைவதைவிட இது எவ்வளவோ மேல். கடல் தாண்டிப் போன நம்மவர்கள் தங்கள் பிள்ளைகளின் படைக்கு இப்படி ஒன்று நடத்த நினைத்தால் உதவட்டும் என்று அந்த ஏற்பாட்டை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை படுக்கை வரிசை. விளையாட்டையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அணிக்கு 8 பேர், 4 அணி, ஆக 32 பையன்கள். ஆளுக்கு இரண்டரை அடி அகலம், ஆறரை அடி நீளம் என்று சாக்பீஸ் கோடு. அணிகளுக்கு நடுவே மூன்றடி வழி. கருங்கல் சுவர் இரவில் சில்லிட்டுவிடும் என்பதால் ஒன்றரை அடி தள்ளித்தான் பாய். பக்கத்தில் படுப்பவனின் கால் பக்கம் இவன் தலை. முகத்துக்கு முகம் இல்லாவிட்டால் இருமல் அவ்வளவாகப் பரவாது, கிசுகிசுவும் குறையும். நிற்காது, குறையும்.

குளிருக்கென்று வீட்டில் இரண்டு கம்பளி கட்டிக் கொடுப்பார்கள். ஆனால் உடம்புச் சூட்டை உறிஞ்சுவது சிமெண்டுத் தரை. அடியில் தார்ப்பாய், மேலே இரண்டாக மடித்த காலிச் சாக்கு, அதன்மேல் கோரைப்பாய், பவானி ஜமுக்காளம். போர்த்த ஒரு கம்பளி போதும். சாக்கை முந்தின நாளே உதறி வெயிலில் போட வேண்டும். இழுப்பு உள்ள பையனுக்குச் சாக்கு ஆகாது. பழைய செய்தித்தாளைக் கனமாக அடுக்கிப் போடலாம்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேலே இருந்து சொட்டும். வெளியே மழையே இருக்காது. கூரை ஓட்டை என்று வாளி தேட வேண்டாம். அத்தனை பேர் மூச்சின் ஈரமும் குளிர்ந்த தகரத்தில் வேர்த்து, ஆணித்தலைகளில் திரண்டு விழுகிறது. எதிரெதிர்ச் சுவர்களின் மேல்ஜன்னல்களை ஒரு சாண் திறந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். யாராவது ஒருவன் எழுந்து மூடப் பார்ப்பான், கொக்கியைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கும்மட்டி அடுப்பு மட்டும் உள்ளே வரவே கூடாது. கரிப்புகையின் நஞ்சுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவனுக்குத் தெரியாது.

காபிக்கொட்டை பக்கத்து வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மூலையில் நாலு மூட்டை மிச்சம் இருந்தாலும் மேஸ்திரி மண்ணெண்ணெய் லாந்தரையும் பினாயிலையும் கொசுவர்த்தியையும் வாசலிலேயே நிறுத்திவிடுவார். நியாயம்தான். பாசறைத் தீக்குப் பதிலாக, விறகை அடுக்கி நடுவில் டார்ச் வைத்து, சிவப்பு, மஞ்சள் கண்ணாடித் தாளைச் சுற்றலாம். குண்டு பல்பு வைத்தால் தாள் பொசுங்கும்.

கிடங்குக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதை இழுத்துக் கட்டிய பிறகே பையன்களை உள்ளே விட வேண்டும். இரண்டு கதவருகிலும் இரண்டிரண்டு பெரியவர்கள் படுப்பார்கள். கழிவறை வெளியே என்பதால் இரவில் போகிறவன் துணைக்கு ஒருவனை எழுப்பிக்கொண்டுதான் போக வேண்டும். பையன்களை முறைபோட்டுக் காவலுக்கு நிறுத்துவது வீண் வீராப்பு, மறுநாள் நடையில் தூங்கி வழிவார்கள்.

சாயங்காலத் தீனி தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் துருவிய காய்கறியும் வைத்தால் ஒரு செட். ஆளுக்கு மூன்று செட் என்றால் பையன்களுக்கு மட்டும் 192 தட்டுவடை, உடைசலுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து 230 வாங்கலாம். கேரட், பீட்ரூட் ஒன்றரை கிலோ வீதம். மலைப்பனியில் திறந்த பாக்கெட் சீக்கிரமே நமத்துப்போகும். துருவி முடித்துச் சட்னியும் தயாரான பிறகு பிரித்தால் போதும். மிச்சத்தைத் தூக்குப்பையில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுங்கள். தலையணைக்கடியில் ஒளித்து வைத்தால் எலிக்குத்தான் விருந்து.

இறங்கும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் பொங்கலை வயிறுமுட்டக் கொடுத்து பஸ் ஏற்றினால் பாதி வழியிலேயே வெளியே வந்துவிடும். ஆளுக்கு இரண்டு இட்லி, கையில் ஒரு எலுமிச்சம்பழம், ஒரு பிளாஸ்டிக் பை. குமட்டுகிறவன் முன் சீட்டில். பொங்கலை அடிவாரத்தில் வைத்துக்கொள்ளலாம்.