நூறு கோடியில் ஒரு பிழையைத் தேடி

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ரேடியோ ரிசீவரின் பிட் பிழை விகிதத்தை, அதாவது வரும் பிட்களில் எத்தனையைத் தவறாகப் படிக்கிறது என்பதை, சிமுலேஷனில் அளக்கிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. சோறு வெந்ததா என்பதல்ல, அதில் கல் கிடக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி.

எம்.இ. புராஜெக்ட்டில் எனக்கு வேண்டியிருந்தது நூறு கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற புள்ளி. ஒவ்வொரு பிட்டையும் +1 அல்லது −1 ஆக அனுப்பும் பி.பி.எஸ்.கே முறையில் ஒரு பிட்டின் ஆற்றலுக்கும் இரைச்சலுக்குமான விகிதம் சுமார் 12.6 டெசிபல் இருக்கும்போது அது வரும். பத்து சதவீதத் துல்லியத்துக்கே நூறு பிழையாவது எண்ண வேண்டும். அப்படியென்றால் 10,000 கோடி பிட். ஃபில்டரோடு சேர்த்து என் லேப்டாப் ஒரு கோடி பிட்டுக்கு 20 நொடி எடுத்தது. வரைபடத்தில் ஒரே ஒரு புள்ளி வைக்க இரண்டு நாளுக்கு மேல்!

அப்போதுதான் இம்பார்ட்டன்ஸ் சாம்ப்ளிங் படித்தேன்: அரிதான பிழையை வேண்டுமென்றே அடிக்கடி வரவைத்து, பிறகு கணக்கில் அதைச் சரிக்கட்டும் முறை. ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் வெறும் ரிசீவரில் முயன்றேன். +1 அனுப்பும்போது இரைச்சலின் சராசரியை பூஜ்யத்திலிருந்து −1க்கு நகர்த்திவிட வேண்டும். +1ஆ −1ஆ என்று ரிசீவர் பிரிக்கும் முடிவுக்கோடு பூஜ்யத்தில் இருக்கிறது; சிக்னல் அதன் மேலேயே வந்து உட்காரும், பாதி பிட்கள் தவறாகும். ஒவ்வொரு தவறையும் ஒன்று என்று எண்ணக் கூடாது. அசல் இரைச்சலில் அது வர எவ்வளவு வாய்ப்பு, நகர்த்திய இரைச்சலில் எவ்வளவு வாய்ப்பு என்ற விகிதத்தைத்தான் கூட்ட வேண்டும். 10,000 கோடி பிட் கேட்ட அதே துல்லியம் சுமார் 700 மாதிரியில் கிடைக்கிறது. முதல் தடவை பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் அதற்கு முந்தைய நாள் வேறு விடை வந்திருந்தது. இரைச்சலை −1க்கு பதில் −2க்கு, அதாவது எதிர் குறியீடு வரைக்கும், தள்ளிவிட்டிருந்தேன். லட்சம் மாதிரி எடுத்தும் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றும் விழவில்லை. விகிதத்துக்குக் கனம் சேர்ப்பவை அங்கே விழுகிறவைதான். அதனால் பிழை விகிதம் பல ஆயிரம் மடங்கு குறைவாக வந்தது. எந்த எச்சரிக்கையும் இல்லை. ரிசீவர் அவ்வளவு அருமையாக இருக்கிறது என்று அன்று முழுக்க நம்பினேன். இந்த முறையில் எனக்கு இன்றும் பயம் இதுதான்.

ஃபில்டரைத் திரும்ப மாட்டியதும் சிக்கல் கூடியது. ஒரு முடிவில் பல இரைச்சல் மாதிரிகள் கலக்கின்றன. 1980இல் ஷண்முகனும் பாலபனும் எழுதிய கட்டுரையில் இரைச்சலின் பரவலை அகலப்படுத்துவார்கள். மாதிரிகள் கூடக் கூட அதன் லாபம் கரைந்துவிடும். 1988இல் லூவும் யாவோவும் காட்டியபடி சராசரியை நகர்த்துவதுதான் அங்கே கைகொடுத்தது. நகர்த்தலை ஃபில்டரின் வடிவத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இப்போதெல்லாம் புது ரிசீவர் எதுவாக இருந்தாலும் முதலில் 7 டெசிபலில் இரண்டு வழியிலும் ஓட்டுகிறேன். அங்கே பத்தாயிரம் பிட்டுக்கு ஏழெட்டுப் பிழை வரும், பிழைகளை நேரடியாக எண்ணும் சாதாரண மான்டே கார்லோவே சில நொடியில் சொல்லிவிடும். இரண்டு எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் 12.6 பக்கம் போகிறேன்.