கழிவு விடலியே டீச்சர்: இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாவிலிருந்து ஒரு நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தரம் 5இல் பாதி வாங்கு காலி. இந்த வருடம் எங்களிடம் வந்த சின்ன டீச்சர் வரவு இடாப்பை மூடிவிட்டு, "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில ஆர்வமே இல்லை அக்கா" என்றார். ஆரம்பப் பிரிவு என் பொறுப்பு. புதிதாக வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அதில் சேர்ந்ததுதான். இடாப்பை மறுபடி விரித்தோம்.

போன வெள்ளிக்கிழமை அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார்: "திங்கக்கிழமை எல்லாரும் டிமை தாளும் பிளாட்டிக்னமும் கொண்டு வரணும்." டிமை பெரிய வரைதாள், பிளாட்டிக்னம் நிறப் பேனை, இரண்டும் கடையில் வாங்க வேண்டியவை. தேயிலைத் தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதி. இந்த வாரம் கடைக் கடன் உச்சத்தில் நிற்கும் வாரம். வாங்க வழியில்லாத பிள்ளை முழு வகுப்புக்கும் முன்னால் எழும்பி நிற்குமா? மழையைச் சாட்டி வீட்டில் நின்றுவிடும். அதை ஆர்வமின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாடப்புத்தகத்தையும் சீருடைத் துணியையும் அரசு தருகிறது. அஸ்வெசும என்ற அரசு நிவாரணம் கிடைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி, பென்சில் வாங்க இந்த வருடம் 6,000 ரூபாய் அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் பிள்ளையைத் தலைகுனிய வைப்பது நாம் வாரா வாரம் சில்லறையாகக் கேட்பவைதான். இனி காசு கொடுத்து வாங்க வேண்டிய எதையும் சம்பளத்துக்கு முந்திக் கேட்பதில்லை, "கொண்டு வராதவங்க எழும்புங்க" என்ற பேச்சே இல்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

ஜூன் 4, புதன்

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெட்டி வைத்தாயிற்று. பென்சில், அழிறப்பர், அடிமட்டம், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள். யாரையும் கேட்காமல் எடுக்கலாம், முடிந்ததும் திருப்பி வைத்தால் சரி. கடை வைத்திருப்பவரின் மகளும் எடுக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பெயர் விழுந்தால் ஒரு கையும் அந்தப் பெட்டிக்குள் போகாது.

ஜூன் 6, வெள்ளி

கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடம் பார்த்தேன். டீச்சர் கேள்வி கேட்கிறார், முன் வரிசையில் அதே நாலு பேர் கை தூக்குகிறார்கள், பதில் வந்துவிடுகிறது, பாடம் நகர்கிறது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து இதைத்தான் கண்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளுகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்த விநாடிகள் இன்னும் அவசியம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பேசும் தமிழில் யோசித்து, அதைப் புத்தகத் தமிழாக மாற்றி, பிழை வந்தால் சிரிப்பார்களோ என்று பயந்து, அதற்குப் பிறகுதான் வாய் திறக்க வேண்டும். ஆகவே டீச்சரிடம் இன்னொன்றும் சொன்னேன்: பிள்ளை பேசும்போது சொல்லைத் திருத்த வேண்டாம். முதலில் கருத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எழுதும்போது மொழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்

நேற்று பொசன் போயா, பௌர்ணமி லீவு. இன்று நடந்ததை விரிவாக எழுதி வைக்கிறேன்.

கணிதத்துக்குக் கொழுந்து நிறுவையை, அதாவது பறித்த தேயிலையை நிறுக்கும் கணக்கை, எடுக்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஒரே நிபந்தனை: எந்தப் பிள்ளையிடமும் "உன் அம்மா எத்தனை கிலோ எடுப்பா?" என்று கேட்கக் கூடாது. அது வீட்டு வருமானத்தைச் சபையில் வைத்துக் கேட்பது. கணக்கில் வருவது கற்பனையான ஓர் அம்மா.

கரும்பலகையில் டீச்சர் எழுதினார்: காலை 7 கிலோ, பகல் 8, பின்னேரம் 6. ஒரு பேருக்கு (ஒரு முழு நாள் சம்பளத்துக்கு) 18 கிலோ. எத்தனை கிலோ கூட? முன் வரிசை உடனே "மூணு!" என்றது. டீச்சர் பதிலை எழுதாமல் பொறுத்து நின்றார். கடைசி வரிசையில், இந்தத் தவணை முழுக்க வாய் திறக்காத ஒரு பையன்: "கழிவு விடலியே டீச்சர்." நிறுவையில் எடையைக் குறைத்து எழுதுவதைத்தான் சொல்கிறான்.

"எவ்வளவு விடணும்?"

"சாக்குக்கு ஒரு கிலோ. மழைன்னா ஈரத்துக்கு இன்னொண்ணு."

அப்புறம் வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு நிறுவையிலும் 2 கிலோ என்றால் மூன்று நிறுவைக்கு 6. 21 போய் 15 ஆனது. பதினெட்டு வரவில்லை, அரைப் பேர்தான். நாள் சம்பளம் 1,350 என்றால் அரைப் பேருக்கு 675. கழித்தல், பெருக்கல், பாதி எல்லாம் அடுத்தடுத்து வந்தன, ஒன்றையும் டீச்சர் சொல்லிக் கொடுக்கவில்லை. ஈரத்தை எப்படிச் சரியாக அளக்கலாம் என்று ஒரு சிறுமி கேட்டாள். நனைந்த கொழுந்தையும் காய்ந்த கொழுந்தையும் ஒரே கூடையில் நிறுத்துப் பார்க்கலாம் என்று இன்னொருவன் சொன்னான். அது விஞ்ஞானம். நாளைய சுற்றாடல் பாடம் அதுதான்.

வறுமையில் வரும் பிள்ளை வெறுங்கையோடு வருகிறது என்ற நினைப்பு நல்ல ஆசிரியர்களிடமும் இருக்கிறது. அந்தப் பையனுக்குத் தெரிந்த கணக்கு புத்தகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

டீச்சரும் நானும் லயத்துக்குப் போனோம், பல நாளாக வராத ஒரு பிள்ளையைத் தேடி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை). அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில் கடை வேலை. காய்ச்சலில் கிடக்கும் தம்பியைப் பாட்டியோடு சேர்ந்து இவள் பார்க்கிறாள். பாட்டி படித்த காலத்தில் பள்ளிக்கூடம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்ததாம். ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். "இவளையாவது படிக்க வையுங்க" என்று டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் டீச்சர் வீட்டுப்பாடத்தைப் பற்றித்தான் பேசினார். அந்தக் காம்பராவில் இரவில் எங்கே உட்கார்ந்து எழுதுவது? காலையில் முதல் இருபது நிமிடத்தை வகுப்பிலேயே அதற்கு விட முடிவு செய்திருக்கிறார்.

ஜூன் 17, செவ்வாய்

அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. தம்பிக்குக் காய்ச்சல் விடவில்லையாம். விட்டுப்போன பாடங்களைப் பக்கத்துக் காம்பராப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்பினோம்.

பெற்றோர் கூட்டம் பற்றி அதிபரோடு பேசினேன். வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூப்பிட்டால் வருகிற தாய்க்கு அன்றைய பேர் போய்விடும், அதனால்தான் வருவதில்லை என்றேன். ஒத்துக்கொண்டார். அடுத்த கூட்டம் ஜூலை 13, ஞாயிறு, சம்பளத்துக்குப் பின். நிறுவைக் கணக்கைப் பிள்ளைகளே தாய்மாருக்குச் செய்து காட்டப் போகிறார்கள்.