காக்கி போட ஆள் வருது, நிக்க வைக்கிறதுதான் பாடு (விழுப்புரம் ஊர்க்காவல் படை டைரி)

நவம்பர் 24, 2024, ஞாயிறு

இன்னைக்கு ஊர்க்காவல் படைக்கு, அதான் சொந்த வேலையைப் பாத்துக்கிட்டே போலீசுக்குத் துணையா டூட்டி பாக்குற தன்னார்வப் படைக்கு, ஆள் எடுத்தோம். விடிஞ்சும் விடியாம கிரவுண்டுல கூட்டம், பொண்ணுங்களும் நிறைய. உயரம் அளக்குறப்ப ஒரு தம்பி குதிகாலை லேசா தூக்குனான், ஏட்டு முட்டியில ஒரு தட்டு தட்டி இறக்குனாரு, அப்படியும் தேறிட்டான். ஆள் சேர்றதுல பிரச்சனையே இல்ல, காக்கிக்கு இன்னும் மவுசு இருக்கு. "அண்ணே சம்பளம் எவ்ளோ"னு கேட்டவங்ககிட்ட சம்பளம்லாம் கிடையாது, டூட்டி பாக்குற நாளுக்குத்தான் படினு முதல்லயே சொல்லிட்டேன். மறைச்சு சேர்த்தா பயிற்சி முடியுறதுக்குள்ள பாதிப்பேர் காணாம போயிடுவாங்க.

டிசம்பர் 2, திங்கள்

ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல மட்டும் 51 செ.மீ. மழை. அது வடியுறதுக்குள்ள சாத்தனூர் அணையில தண்ணி திறந்து தென்பெண்ணை ஏறி, அரசூர்ல திருச்சி ரோடே முங்கிப்போச்சு. நம்ம பசங்க இடுப்பளவு தண்ணியில கயித்தைப் புடிச்சுக்கிட்டு வண்டிங்கள திருப்பி விடுறாங்க. அதுல ஒருத்தன் ஜவுளிக்கடையில வேலை பாக்குறான், முதலாளி போன் மேல போன். நான் வாங்கிப் பேசினேன், "சரி சார், நாளைக்கும் வச்சுக்கோங்க"ன்னாரு. அவருக்கு நேர்ல போய் நன்றி சொல்லணும். இப்படிப்பட்ட முதலாளிங்க இல்லேன்னா இந்தப் படையே இல்ல.

டிசம்பர் 6, வெள்ளி

ஊர்க்காவல் படை தினம். 1946ல பம்பாய்ல ஆரம்பிச்சது, 1962 சீனப் போருக்கு அப்புறம் நாடு முழுக்க, நம்ம மாநிலத்துக்கு 1963ல தனிச் சட்டம். 2015ல சுப்ரீம் கோர்ட், நிரந்தர வேலை கேக்க முடியாது, ஆனா படி போலீஸ்காரரோட குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு ஈடா இருக்கணும்னு சொல்லுச்சு. அதை வச்சு நம்ம பக்கம் படி ஒரு நாளைக்கு 560 ரூபா ஆச்சு, ஆனா மாசத்துக்கு அஞ்சே நாள் டூட்டினு சுருக்கிட்டாங்க. 2800 ரூபாயில யார் குடும்பம் நடத்துறது? அப்புறம் டூட்டி நாளைக் கூட்டுனாங்க, அதுக்குள்ள அனுபவஸ்தங்க எத்தனையோ பேர் டெலிவரி வேலைக்குப் போயிட்டாங்க, கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிஞ்ச ஆளுங்க, மனசு ஆறவே இல்ல.

டிசம்பர் 14, சனி

நேத்து திருவண்ணாமலை தீபம் பந்தோபஸ்து. கூட வந்த பொண்ணு ஒண்ணு விலகிடப் போறேன்னு சொல்லிட்டே இருந்துச்சு. காசு பத்தலையாம்மான்னு கேட்டேன், இல்லண்ணே, ஒரு ஸ்டேஷன்ல டீ வாங்கிட்டு வரச்சொல்லி மட்டுந்தான் கூப்பிடுறாங்க, என் பேரு கூட அவங்களுக்குத் தெரியாதுன்னுச்சு. நேத்து அங்க இருந்த இன்ஸ்பெக்டரம்மா அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, வாக்கி டாக்கியைக் கையில குடுத்து, தெற்கு மாடவீதி தடுப்பு உன் பொறுப்புன்னாங்க. ராத்திரி வரைக்கும் அது அந்த இடத்தை விட்டு நகரல.

ரெண்டு விஷயத்தை எங்க படையோட மேலதிகாரி ஏரியா கமாண்டருக்கு எழுதப் போறேன். டூட்டி லிஸ்ட் ரெண்டு வாரம் முன்னாடியே வாட்ஸ்அப்ல வரணும், அப்பதான் முதலாளிகிட்ட லீவு சொல்ல முடியும். ஸ்டேஷன்ல எடுபிடி வேலைக்கு விடக்கூடாது. அந்தப் பொண்ணு நாளைக்குப் பரேடுக்கு வர்றேன்னு சொல்லியிருக்கு.