சொல்தா வீட்டுப் பென்ஷன்

"தம்பி, தொப்பி முழுசா விழணும், பாத்து எடு."

ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பிரெஞ்சு பென்ஷனுக்கான உயிர்ச் சான்றோடு சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுச் சிப்பாயாக இருந்த கணவரின் ராணுவக் கையேட்டையும் நீட்டினார். பழுப்பேறிய தாள், வியட்நாமின் சைகோன் முத்திரை, படத்தில் தொப்பியோடு மீசை அரும்பாத முகம்.

புதுச்சேரி கடற்கரைச் சாலை நினைவுச்சின்னம் 1914-18 போரில் மாண்டவர்களுக்கு. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா (வியட்நாம் பக்கம்), அல்ஜீரியா போய்த் திரும்பியவர்களுக்கு? அவர்கள் கட்டிய மாடி வீடுகள்தான். 1962ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்த எத்தனையோ வீடுகளில் அந்தப் பென்ஷன் பணத்தில்தான் உலை கொதித்தது. கல்யாணச் சந்தையில் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இன்றும் தனி மவுசு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இந்தியா விடுதலையான அதே காலத்தில், 1946-54ல், நம்மூர்ப் பையன்கள் வியட்நாமியரின் விடுதலைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கினார்கள். எந்தச் சொல்தா வீட்டிலும் இதைப் பேசி நான் கேட்டதில்லை. யூரோ விலை என்னவென்றுதான் கேட்பார்கள்.