காதுக்கு எழுதப்பட்ட ஸ்டார் வோர்ஸ்

1981 மார்ச்சில் தொடங்கி அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். ஒலிபரப்பிய ‘ஸ்டார் வோர்ஸ்’ நாடகத்தை, அதே பெயருள்ள விண்வெளிப் படத்தின் ஒலிச்சித்திரம்தானே என்று ஒதுக்கிவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. பட வசனத்தை ஒரு மணித்தியாலத்துக்கு வெட்டி, இடையில் அறிவிப்பாளர் கதை சொல்லிக் கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் இது வேறு ரகம். படம் 121 நிமிடம். நாடகம் அரை மணிப் பாகங்களாக 13, ஏறத்தாழ ஆறு மணித்தியாலம்.

படத்தை இயக்கிய ஜோர்ஜ் லூக்கஸ், தான் படித்த தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் வானொலிக்கு உரிமையை ஒரு டொலருக்குக் கொடுத்தார். படத்தின் இசையும் பென் பர்ட் உருவாக்கிய ஒலிகளும் கூடவே கிடைத்தன. எழுதியவர் பிரையன் டேலி, நெறியாள்கை ஜோன் மாடன். மார்க் ஹமிலும் அன்ரனி டானியல்ஸும் தங்கள் பாத்திரங்களுக்கே குரல் கொடுத்தார்கள். வில்லன் டார்த் வேடருக்கு மட்டும் படத்தில் கேட்ட குரல் இல்லை, புரொக் பீற்றர்ஸின் குரல். கொஞ்ச நேரம் உறுத்தும், பிறகு பழகிவிடும். (கொழும்பில் இது எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது: ‘கோமாளிகளின் கும்மாளம்’ வானொலியில் ஓடி, 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமானது.)

பாதியில் நுழைய வேண்டாம். முதல் இரண்டு பாகமும் படம் தொடங்குவதற்கு முந்திய கதை. எழுத நினைப்பவர்கள் விசாரணைக் காட்சியைத் தனியாகத் திரும்பக் கேளுங்கள். படத்தில் வேடர், சிறைப்பட்ட இளவரசி லேயாவின் அறைக்குள் நுழைகிறார், ஊசியோடு ஓர் இயந்திரம் மிதந்து வருகிறது, கதவு மூடுகிறது, அவ்வளவுதான். வானொலியில் கதவு மூடிய பிறகும் நாம் உள்ளேயே நிற்கிறோம். மருந்து ஏறிய பிறகு, வலிக்கிறது என்று வேடர் சொல்லச் சொல்ல அவளுக்கு வலிக்கிறது. செலவு இரண்டு குரல்தான். பிரமாண்டமான விண்கப்பல் தலைக்கு மேலால் போவதைக் காட்டத்தான் வானொலி திணறும். கடைசிச் சண்டையோ படத்திலேயே பாதி வானொலி: விமானிகள் கருவியில் பேசுவதுதான் காட்சி.

இதைக் கேட்டுவிட்டு வீட்டில் செய்து பார்க்க ஆசை வந்தால், சொந்தக் கதை எழுதுங்கள். ஒரு டொலர் விலை நமக்குக் கிடைக்காது.

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட் ஒன்றில் முதல் எதிரி டைல்ஸ் தரை, இரண்டாவது ஃபேன், மூன்றாவது கரையோர ரயில். இரவு ரயில் ஓய்ந்த பிறகு ஃபேனை நிறுத்தி, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். மைக் பார்ப்பது அந்தத் துணியை. சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி பெரிதும் அடங்கிவிடும். கதைசொல்லி மைக்கிலிருந்து 15 சென்ரிமீற்றர், உரையாடல் 30. தூரத்தில் நிற்பவருக்கு ஒலியளவைக் குறைத்தால் போதாது, ஆளையே பின்னுக்கு நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று முணுமுணுப்பதாகவே கேட்கும். எல்லாம் முடிந்ததும் யாரும் பேசாமல் அறையின் வெறும் சத்தத்தை 30 செக்கன் பதியுங்கள். வெட்டிய இடங்களில் அதை இட்டு நிரப்பாவிட்டால் ஒவ்வொரு வெட்டும் காதில் தட்டும்.

கருவியில் பேசும் விமானிக் குரலுக்கு, ஓடாசிற்றி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழேயும் 3400க்கு மேலேயும் வெட்டுங்கள். அதன் பிறகும் பொய்யாகக் கேட்டால் பிழை ஃபில்டரில் இல்லை, நடிப்பில். இயந்திர இரைச்சலைப் பிறகு சேர்ப்பதால், நடிப்பவர் அமைதியான அறைக்குரிய குரலில் பேசிவிடுகிறார். பேசும்போதே ஹெட்ஃபோனில் அந்த இரைச்சலைக் கொடுங்கள், குரல் தானாக உயரும்.

லேசர் துப்பாக்கிக்கு பர்ட் ஒரு கோபுரத்தின் இழுவைக் கம்பியைச் சுத்தியலால் தட்டினார். கோபுரம் தேடி அலையத் தேவையில்லை. படியில் இறங்கும் ஸ்லிங்கி சுருள் போதும். ஒரு முனையில் கடதாசிக் கோப்பையை ஒட்டி, கோப்பை மேலே இருக்கும்படி சுருளைத் தொங்கவிட்டு, கீழ் முனையைக் கரண்டியால் தட்டி, கோப்பைக்குள் மைக்கை வையுங்கள். உயர் அதிர்வுகள் முந்தி வர, தாழ்ந்தவை பிந்தி வருவதால்தான் அந்த ‘பியூ’. புறக்கோட்டையில் வானவில் நிறத்தில் கிடைக்கும் பிளாஸ்ரிக் சுருள் சரிவராது, அதிர்வை விழுங்கிவிடும், உலோகமாகப் பாருங்கள்.

ஒளிவாளுக்கு ஃபிரிட்ஜ் உறுமலைப் பதிந்து, ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசி மறுபடி பதியுங்கள்; பர்ட்டின் வழியும் இதுதான், அவருடைய உறுமல் மட்டும் படம் ஓட்டும் ப்ரொஜெக்டரின் மோட்டாரும் பழைய ரீவியின் இரைச்சலும் கலந்தது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் உறுமல் 50இலும் 100இலும் தடித்திருக்கும். கைபேசி ஸ்பீக்கரில் அந்த இரண்டும் கேட்காது, வாள் காணாமல் போய்விடும். கொஞ்சம் டிஸ்டோர்ஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் வசதி) சேர்த்து 200, 300 ஹேர்ட்ஸ் பக்கமும் ஒலி வரும்படி செய்து, கைபேசியில் கேட்டுப் பார்த்த பிறகே கலவையை முடியுங்கள்.