பிரித்தானியப் பின்வளவில் நாலு கோழி

ஊரில் கோழியை விடியத் திறந்துவிட்டால் பொழுதுபடத் தானாக வந்து அடையும். மத்தியானம் மிஞ்சின சோறும் துருவிப் பிழிந்த தேங்காய்ப்பூவும் அதற்குத்தான். பிரித்தானியாவில் பின்வளவு கிடைத்ததும் கோழி வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விட வேண்டிய பழக்கம் அந்தச் சோறு போடுவதுதான். சமையலறைக்குள் போய்வந்த எதையும் கோழிக்குப் போடுவது இங்கே சட்டவிரோதம். கழுவி வெட்டிய கோவா இலைகூட இதில் அடக்கம். இறைச்சி சாப்பிடாத வீடு என்றாலும் பாலும் தயிரும் புழங்கினால் விலக்கில்லை; விலங்கிலிருந்து வரும் எதையும் புழங்காத வீகன் வீட்டுக்கு மட்டுமே உண்டு. தோட்டத்தில் பிடுங்கி நேரே போடும் கீரைக்குத் தடையில்லை. கால்நடை நோய்கள் உணவு வழியாகப் பரவாமலிருக்கத்தான் இவ்வளவு கண்டிப்பு.

கோழிக்கும் அதனால் நட்டமில்லை. முட்டைக்கோழிக்கென்று விற்கும் குளிகைத் தீனியான லேயர்ஸ் பெலட்ஸில் ஒரு கோழிக்கு நாளுக்கு 120 கிராம் அளவில் போதும். சோளமும் கோதுமையும் பின்னேரம் ஒரு சிறங்கைக்கு மேல் வேண்டாம். தானியத்தால் வயிறு நிறைந்தால் பெலட்ஸ் உள்ளே போகாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்து, ஓடு கெட்டியாகாத தோல்முட்டை விழும். சிப்பித்தூளும் தீனி அரைபடச் சிறுகல்லும் தனிக் கிண்ணங்களில் இருக்கட்டும். வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

ஒரேயொரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிய வேண்டும் என்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஒக்டோபர் 1 முதல் சட்டம். ஸ்கொட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. பதிவு இலவசம். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் கோழிகளை அடைத்து வைக்கும்படி உத்தரவு வந்தால் தகவல் கிடைப்பது இதன் வழியாகத்தான். வீட்டுப் பத்திரத்திலோ வாடகை ஒப்பந்தத்திலோ கோழி வளர்க்கக்கூடாது என்று எழுதியிருந்தால், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்கள் 1950ஆம் ஆண்டின் அலொட்மன்ட்ஸ் சட்டம் (Allotments Act), பிரிவு 12ஐப் பாருங்கள். வியாபாரத்துக்கல்லாமல், அயலுக்குத் தொல்லையின்றிப் பேட்டுக்கோழி வளர்க்கும் உரிமையை அது தருகிறது. சேவலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதிகாலைக் கூவலுக்கு அயலவர் முறையிட்டால் கவுன்சில் வரும். முட்டைக்குச் சேவல் தேவையுமில்லை.

இனி நரி. லண்டன் புறநகர் நரி பட்டப்பகலிலும் மதிலேறி வரும். அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய கோழிவலையை அது கடித்தே கிழித்துவிடும். 13 மில்லிமீற்றர் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலைதான் தாங்கும். வேலியடியில் அதே வலையை வெளிப்பக்கமாக 45 சென்ரிமீற்றர் நிலத்தில் படுக்க விரித்து ஆணியடித்துவிடுங்கள். நரி வேலியோரத்தில்தான் தோண்டத் தொடங்கும். கால் வலையில் தட்டினால் நகர்ந்துவிடும். கதவுக்குக் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும்.

குளிருக்குப் பயந்து கூட்டை இறுக்கி மூடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. கோழிக்கு இறகே போர்வை. அதைக் கெடுப்பது ஈரம். இரவு முழுவதும் அது விடும் மூச்சும் எச்சத்தின் அமோனியாவும் வெளியேறாவிட்டால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். ஆகவே கோழி இருக்கும் மட்டத்துக்கு மேலே காற்று வழி விடுங்கள். குந்தும் தடி 4–5 சென்ரிமீற்றர் அகலமாக, முட்டைப்பெட்டியைவிட உயரமாக இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் கோழி பெட்டிக்குள் படுத்து முட்டையெல்லாம் எச்சமாக்கும். நவம்பரில் முற்றம் சேறாகும் முன்பே மரச்சில்லு பரப்பிவிடுங்கள். மரப்பட்டைத் துண்டு கூடாது, அதில் பூஞ்சணம் பிடிக்கும்.

டிசம்பரில் பகல் எட்டு மணித்தியாலம்தான். நன்றாக முட்டையிடப் பதினான்கு மணித்தியாலமாவது வேண்டும். முதல் வருடக் கோழி குளிரிலும் ஓரளவு இடும். மூத்தவை இறகுதிர்த்துவிட்டு வசந்தம்வரை ஓய்வெடுக்கும். இது நோயல்ல, விட்டுவிடுங்கள்.

உண்மையான நோய்த்தொல்லை கோடையில் வருகிறது. ரெட் மைட் எனும் செவ்வுண்ணி பகலில் மரவெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் கோழியின் இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருண்டபின் வெள்ளைக் கடதாசித் துண்டால் தடியின் அடிப்பக்கத்தை, முக்கியமாகச் சுவரில் பொருந்தும் முனைகளை, அழுத்தித் துடையுங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் இருக்கிறது. வெளிறிய கொண்டையும் மாலையில் கூட்டுக்குள் போக மறுப்பதும் அடுத்த அடையாளங்கள். தடிகளைக் கழற்றி, அதற்கென்று விற்கும் கழுவும் திரவத்தால் எல்லா மூட்டுகளையும் கழுவிக் காயவிட்டு, வெடிப்புகளில் டயற்றம் பொடி (நுண்பாசிப் படிவுத் தூள்) தூவுங்கள். தூவும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். ஒருமுறை கழுவினால் உண்ணியின் முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் ஐந்தாறு நாளில் மறுபடியும், அதன்பின் இன்னொரு முறையும் செய்ய வேண்டும். கூரை தார்ப்பெல்ற் (தார் பூசிய felt விரிப்பு) போட்டதென்றால் அதன் அடியில் உண்ணி குடியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. புதுக்கூடு வாங்குகிறவர்கள் நெளிதகடோ பிளாஸ்ரிக்கோ போட்ட கூரையாகப் பார்த்து வாங்குங்கள்.